கேமரன் மலை ஏறும் போனஸ் பெட்டி

2025 மே 6ஆம் தேதி மலேசியாவின் தனியார் கிளினிக் டாக்டர்கள் புத்ராஜெயாவில் திரண்டார்கள். தனியார் கிளினிக்குகளும் மருந்துக்கடைகளும் மருந்து விலையை நோயாளி பார்க்கும்படி வைக்க வேண்டும் என்ற உத்தரவு அந்த மாதம் முதல் தேதியிலிருந்து நடப்புக்கு வந்திருந்தது. 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அதைப் போட்டதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. மளிகைக் கடைக்கும் கிளினிக்குக்கும் ஒரே சட்டமா என்று கேட்டார்கள். 1992 முதல் ஆலோசனைக் கட்டணம் 10 வெள்ளிக்கும் 35 வெள்ளிக்கும் இடையிலேயே நிற்கிறதே, அதை ஏன் யாரும் பேசவில்லை என்றும் கேட்டார்கள். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று அரசாங்கமும் டாக்டர்களும் வாதாடியது நோயாளி கொடுக்கும் விலையைப் பற்றி மட்டும்தான். அதே மருந்தைக் கிளினிக் என்ன விலைக்கு வாங்கியது, எந்தப் பேரத்தில் வாங்கியது என்ற பேச்சே எழவில்லை. அந்தப் பேரம் குடும்ப டாக்டருக்கும் மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதிக்கும் இடையில் நடக்கிறது. ரெப் என்று எல்லாரும் சொல்லும் அந்த மனிதர் கிளினிக்கில் உட்காரும் பத்து நிமிடம், எந்த மருந்து நம் கைக்கு வரும் என்பதைப் பெரிதும் முடிவுசெய்கிறது. சுவரில் தொங்கும் விலைப்பட்டியல் அந்தப் பத்து நிமிடத்தைக் காட்டாது.

தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த கேமரன் மலையிலிருந்து பார்த்தால் இந்தச் சங்கதி இன்னும் துலக்கமாகத் தெரியும். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை வந்தது. அந்தக் காலத் தோட்டங்களில் தொழிலாளிக்கு வைத்தியம் பார்த்தவர் டிரெஸர் என்ற மருத்துவ உதவியாளர். மருந்து வாங்கியது தோட்ட நிர்வாகம், கொடுத்தது டிரெஸர். எத்தனை மாத்திரை கொடுத்தார் என்று எண்ணி அவருக்குச் சம்பளம் போடவில்லை. அந்த வைத்தியத்தின் குறைகளைத் தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. ஆனால் வைத்தியம் பார்ப்பவருக்கு மருந்து விற்பதில் வருமானம் இல்லை என்ற ஓர் ஏற்பாடு அதில் இருந்தது. இன்று கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா நாடுகளிலிருந்து வந்தவர்கள். மலையில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் காய்கறித் தோட்டம், லோரி, கடை, ஹோட்டல் என்று பல வேலைகளுக்குப் பிரிந்துவிட்டன. தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமகனுக்குக் கட்டணம் 1 வெள்ளி. ஆனால் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அந்தச் சலுகை கிடையாது. அரை நாள் காத்திருந்தால் அரை நாள் கூலி போகும் என்பவரும், உடனே எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு வேண்டியவரும், செலவை முதலாளி ஏற்கும் பேனல் அட்டை வைத்திருப்பவரும் தனியார் கிளினிக் படியைத்தான் ஏறுகிறார்கள்.

அங்கே சோதிப்பவரும் மருந்தைத் தேர்ந்தெடுப்பவரும் விற்பவரும் ஒரே டாக்டர். 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம் பதிவுபெற்ற டாக்டர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து கொடுக்க இடம் தருகிறது. தமிழ்நாட்டில் டாக்டர் சீட்டு எழுதுவார், நோயாளி மருந்துக்கடைக்குப் போவார். மலேசியாவில் பெரும்பாலும் சீட்டே கிடையாது. கவுண்டரில் பெயர் கூப்பிடுவார்கள். சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் மாத்திரை வரும். பையின் மேல் செலெப்பாஸ் மக்கான், சாப்பாட்டுக்குப் பின், என்று எழுதியிருக்கும். பில் ஒன்றாக வரும். அதில் ஆலோசனைக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. இந்த ஏற்பாட்டில் ரெப் என்பவர் வெறும் விளம்பரக்காரர் அல்ல. டாக்டரிடம் அவர் மருந்தைப் பற்றிப் பேசுகிறார், அந்தப் பேச்சு முடிந்ததும் அதே மேசையில் ஆர்டர் எடுக்கிறார். எழுதும் பேனாவும் வாங்கும் கையும் ஒருவருடையது என்பதால் இங்கே ரெப்பின் வேலை, டாக்டர் சீட்டு மட்டும் எழுதும் நாடுகளைவிடச் சுலபம்.

போனஸ் என்ற சொல்லைக் கிளினிக் நடத்துபவர்கள் எல்லாரும் அறிவார்கள். இத்தனை பெட்டி வாங்கினால் இத்தனை பெட்டி இனாம் என்பதுதான் போனஸ். ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். பெட்டி 30 வெள்ளி என்று பட்டியலில் இருக்கும் மாத்திரையை டாக்டர் 10 பெட்டி வாங்குகிறார். கூடவே 5 பெட்டி இனாமாக வருகிறது. 300 வெள்ளிக்கு 15 பெட்டி, அதாவது பெட்டி 20 வெள்ளி. நோயாளியிடம் போகும்போது கணக்கு எங்கிருந்து தொடங்கும்? பட்டியல் விலையான 30இலிருந்து தொடங்க எந்தத் தடையும் இல்லை. இன்னொரு கம்பெனியின் அதே மருந்து போனஸ் இல்லாமல் நேராகவே 20 வெள்ளிக்குக் கிடைக்கலாம். ஆனால் பட்டியல் விலையும் 20 என்பதால் அதில் மிச்சம் குறைவு. ஆக, பட்டியல் விலையை உயர்த்தி வைத்துவிட்டு இனாமை அள்ளிக் கொடுக்கும் கம்பெனிதான் கிளினிக் அலமாரியில் இடம்பிடிக்கும். இதில் லஞ்சம் என்று யாரும் பெயர் வைக்க முடியாது. இன்வாய்ஸில் எழுதப்பட்ட, கணக்கில் வரும் வியாபாரம் இது. ஆனால் வாங்கிக் குவித்த 15 பெட்டியும் காலாவதியாவதற்குள் யாராவது ஒரு நோயாளியின் வயிற்றுக்குள் போக வேண்டும். அலமாரியில் இருப்பதுதான் கைக்கு வரும். இனாமாக வந்த பெட்டிக்கும் ஒரு நோயாளி தேவைப்படுகிறார்.

டாக்டர்கள் பேராசைக்காரர்கள் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். அது அநியாயம். கிளினிக் வாடகை, தாதிகளின் சம்பளம், மின்சாரம் எல்லாம் மூன்று பத்தாண்டுகளில் எத்தனை மடங்கு ஏறின என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆலோசனைக்கு 35 வெள்ளிக்கு மேல் வாங்கக்கூடாது என்று அட்டவணை போட்டிருந்த அந்தக் காலமெல்லாம், கிளினிக் எதில் பிழைக்கும் என்று அரசாங்கம் கேட்டதில்லை. மருந்தில் பிழைக்கும் என்பதே சொல்லாத பதில். பேனல் முறை இந்த நெருக்கடியை இன்னும் இறுக்குகிறது. தொழிலாளி ஒருவர் ஒரு தடவை வந்தால் மருந்தோடு சேர்த்து இவ்வளவுதான் என்று முதலாளியோ, இடையில் நிற்கும் காப்பீட்டு நிர்வாக நிறுவனமோ உச்சவரம்பு வைத்துவிடும். அந்த வரம்புக்குள் டாக்டருக்கு ஏதாவது மிஞ்ச வேண்டுமானால் மருந்து போனஸில் வந்ததாக இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்திலிருந்து காய்ச்சலோடு இறங்கிவரும் நேப்பாளத் தொழிலாளிக்கு எந்த மாத்திரை என்பதில் அவருடைய நோய்க்கு எவ்வளவு பங்கு, அந்த வரம்புக்கு எவ்வளவு பங்கு? ஒரு நல்ல டாக்டர் இந்தக் கேள்வியை ஒவ்வொரு நாளும் தமக்குள் கேட்டுக்கொண்டு சரியாகவே நடக்கக்கூடும். ஆனால் தனி மனிதரின் மனச்சாட்சியை மட்டுமே நம்பி ஒரு நாட்டின் மருத்துவத்தை நடத்த முடியாது.

சான்று இல்லாமல் இதைச் சொல்லவில்லை. 2004 கடைசியிலும் 2005 தொடக்கத்திலும் மலேசியாவில் நடந்த மருந்து விலை ஆய்வொன்று 2007இல் பிளாஸ் மெடிசின் இதழில் வந்தது. டாக்டர்கள் தங்கள் கிளினிக்கில் விற்கும் பெயர்பெற்ற கம்பெனி மருந்துகளில் 50 முதல் 76 விழுக்காடு வரை விலையேற்றம் இருந்தது. அதே சரக்கின் மலிவு வடிவமான ஜெனரிக் மருந்துகளில் ஏற்றம் 316 விழுக்காடு வரை போனது. மருந்துக்கடைகளும் சளைத்தவை அல்ல, ஜெனரிக் மருந்தில் அவை 100 முதல் 140 விழுக்காடு வரை ஏற்றியிருந்தன. மலிவான மருந்தில்தான் ஏற்றம் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜெனரிக் வந்தால் ஏழைக்கு விலை குறையும் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம். குறைந்த விலையின் பலன் பெரும்பகுதி வழியிலேயே நின்றுவிட்டது. உயர் ரத்த அழுத்தத்துக்கும் குடல் புண்ணுக்கும் ஒரு மாத மருந்து வாங்கத் தனியார் துறையில் ஏறக்குறைய ஒரு வாரக் கூலி ஆகும் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முந்திய எண்கள்தான் இவை. ஆனால் 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாகச் சொல்கிறது. மாதாமாதம் மருந்து வாங்க வேண்டியவர்களின் கூட்டம் இது. நீரிழிவு நம் இந்திய சமூகத்தை எவ்வளவு வாட்டுகிறது என்பது இதைப் படிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

விலை கூடுவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. மருந்தே மாறிப்போகும் அபாயம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தேசிய மருத்துவப் பராமரிப்பு ஆய்வின் தரவை வைத்து மலேசிய ஆய்வாளர்கள் ஆன்டிபயாடிக் பழக்கத்தைக் கணக்கிட்டார்கள். அரசாங்கக் கிளினிக்குகளுக்கு வந்தவர்களில் சுமார் 7 விழுக்காட்டினருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது. தனியார் கிளினிக்குகளில் சுமார் 31 விழுக்காடு. இதில் ஒரு பகுதிக்கு வேறு காரணம் உண்டு. சளி, காய்ச்சல் என்று திடீர் நோயோடு வருபவர்கள் தனியாருக்குப் போகிறார்கள். தொடர் மருந்துக்காரர்கள் அரசாங்கத்துக்குப் போகிறார்கள். சீக்கிரம் குணமாக்கும் மருந்து கொடுங்கள் என்று நோயாளியே வற்புறுத்துவதும் உண்டு. எல்லாவற்றையும் ரெப்பின் தலையில் கட்டுவது நேர்மையில்லை. ஆனாலும் அரசாங்க டாக்டருக்கு மருந்து கொடுப்பதில் ஒரு காசும் இல்லை, தனியார் டாக்டருக்கு இருக்கிறது என்ற வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு இந்த இரண்டு எண்களையும் விளக்க முடியாது.

ஒரு சாப்பாட்டுக்கும் ஒரு பேனாவுக்கும் விலைபோகும் படிப்பா எங்கள் படிப்பு என்று டாக்டர்கள் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் உண்மையானதுதான். ஆனால் அமெரிக்காவில் கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுக்கும் தொகைகளைப் பொதுவில் வெளியிட 2010இல் சட்டம் வந்தபிறகு இதை அளந்து பார்க்க முடிந்தது. 2016இல் வெளியான ஆய்வு 2,79,669 டாக்டர்களின் மருந்துச் சீட்டுகளைப் பார்த்தது. 20 டாலருக்கும் குறைவான ஒரே ஒரு சாப்பாடு வாங்கிக்கொண்டவர்கள்கூட அந்தக் கம்பெனியின் மருந்தை மற்றவர்களைவிட அதிகமாக எழுதியிருந்தார்கள். சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே போகின்றன என்றுதான் காட்டியது. அந்த அடக்கத்தை மதிக்கிறேன். ஆனால் கம்பெனிகள் கணக்குப் பார்க்கத் தெரியாதவை அல்ல. பலன் இல்லாத இடத்தில் ஆண்டுக்கணக்காக யாரும் பணம் போடுவதில்லை.

இந்தியாவில் டாக்டர்களுக்குக் கொடுக்கும் இனாம் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சின்கோவிட் என்ற வைட்டமின் மருந்தைச் செய்யும் சென்னை அப்பெக்ஸ் லேபரட்டரீஸ், டாக்டர்களுக்குக் கொடுத்த இனாம்களுக்கான சுமார் 4.73 கோடி ரூபாயைத் தொழில் செலவாகக் காட்டி வரிவிலக்குக் கேட்டது. தங்கக் காசு, குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, மடிக்கணினி எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. 2022 பிப்ரவரி 22இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. வாங்குவது டாக்டருக்குக் குற்றமென்றால் கொடுப்பதற்கு வரிச்சலுகை எப்படி என்பதே தீர்ப்பின் சாரம். அதே ஆண்டில் இனாம்களுக்கு எதிராக அந்த நீதிமன்றத்தில் வழக்காடியவர்கள் யார் தெரியுமா? இந்தியாவின் மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் கூட்டமைப்பு, அதாவது ரெப்களின் சங்கமே. மாத இலக்கு என்ற சாட்டையின்கீழ் ஓடுபவர்கள் அவர்கள். இந்த வியாபாரத்தின் அழுக்கை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. மலேசியாவிலும் மருத்துவ மன்றத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டியும் மருந்துக் கம்பெனிகளின் சங்கம் வைத்திருக்கும் நடத்தை விதிகளும் பரிசு, விருந்து, பயணம் ஆகியவற்றுக்கு வரம்பு கட்டுகின்றன. நல்லதுதான். ஆனால் தங்கக் காசைத் தடுத்துவிட்டு, இன்வாய்ஸில் வரும் இனாம் பெட்டியை வியாபாரத் தள்ளுபடி என்று விட்டுவிட்டால் முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைத்த கதைதான். தள்ளுபடி விஷயத்தில் சுகாதார அமைச்சின் நல்ல வணிக நடைமுறை வழிகாட்டி இருக்கிறது. வழிகாட்டி என்பது சட்டமாகாது.

ரெப் வராவிட்டால் மலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் டாக்டருக்குப் புது மருந்தைப் பற்றி யார் சொல்வார்கள்? இதுதான் வலுவான மறுப்பு. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் நகரத்துக் கருத்தரங்குக்குப் போய்வர டாக்டர் ஒரு நாள் கிளினிக்கை மூட வேண்டியிருக்கும். ரெப் வாசலுக்கே வருகிறார். ஆனால் அவர் கொண்டுவரும் தகவலின் தரம் என்ன? கனடா, பிரான்ஸ், அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ரெப்கள் அறிமுகப்படுத்திய மருந்துகளில் பாதுகாப்புத் தகவல் குறைந்தபட்ச அளவுக்காவது சொல்லப்பட்டது 1.7 விழுக்காட்டில் மட்டும். மலேசியாவையும் ஆஸ்திரேலியாவையும் ஒப்பிட்ட 2010ஆம் ஆண்டு ஆய்விலும் மருந்தின் பயனும் அளவும் தாராளமாகச் சொல்லப்பட்டன. யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பது அந்த அளவுக்குச் சொல்லப்படவில்லை. விற்க வந்தவர் குறையைச் சொல்ல மாட்டார், அதில் வியப்பில்லை. இதற்கு மாற்றும் பழையதுதான். 1983இல் ஜெர்ரி அவோர்ன், ஸ்டீபன் சூமெராய் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ரெப் போகும் அதே முறையில் பயிற்சிபெற்ற மருந்தாளர்களை டாக்டர்களிடம் அனுப்பினார்கள். விற்க அவர்களிடம் எதுவும் இல்லை. நேரில் உட்கார்ந்து பேசியதிலேயே தேவையில்லாமல் எழுதப்பட்டு வந்த சில மருந்துகள் 14 விழுக்காடு குறைந்தன. தானா ராத்தா மருத்துவமனையின் மருந்தாளர் ஒருவர் மாதத்தில் இரண்டு நாள் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை கிளினிக் கிளினிக்காகப் போய்வருவது நாட்டுக்கு ஒரு செலவே இல்லை.

கிளினிக்கில் மருந்து விற்பதையே நிறுத்திவிடலாமே, சீட்டை எழுதி மருந்துக்கடைக்கு அனுப்பட்டுமே என்று மருந்தாளர்கள் நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். கோலாலம்பூரில் அது சரியாக இருக்கலாம். சுங்கை பாலாஸ் போன்ற தோட்டத்திலிருந்து காய்ச்சலோடு பிரிஞ்சாங்குக்கு இறங்கிவந்த வயதானவரை இன்னொரு கடை தேடி அலையவிடுவதை நான் ஏற்க மாட்டேன். மருந்துப் பிரிவினையில் கண்டிப்பான இங்கிலாந்திலேயே மருந்துக்கடையிலிருந்து 1.6 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கிராமத்து நோயாளிக்கு டாக்டரே மருந்து கொடுக்கலாம். அதைவிட முக்கியமான பாடம் தைவானில் கிடைத்தது. 1997இல் அங்கே எழுதுவதையும் விற்பதையும் பிரித்தார்கள். ஆனால் கிளினிக்குக்குள்ளேயே ஒரு மருந்தாளரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சந்து விட்டார்கள். மருந்தாளர் வைக்காத கிளினிக்குகளில் மருந்து எழுதுவது குறைந்தது. வைத்துக்கொண்ட கிளினிக்குகளில் மாற்றமே இல்லை. கவுண்டர் மாறியும் லாபம் அதே பைக்குப் போனதுதான் காரணம். ஆகவே மருந்து எந்த அறையிலிருந்து வருகிறது என்பதில் சண்டை வேண்டாம். மருந்தைத் தேர்ந்தெடுப்பவருக்கு அந்தத் தேர்விலிருந்து லாபம் வரக்கூடாது. மலையில் டாக்டரே மருந்து கொடுக்கட்டும், கொடுப்பதற்கு ஒரு நிலையான கூலியும் வாங்கட்டும். அது 3 வெள்ளி மாத்திரைக்கும் 30 வெள்ளி மாத்திரைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

போனஸை நிறுத்தினால் சிறு கிளினிக்குகளுக்கு மருந்து விலை ஏறும், அது ஏழையின் தலையில் விழும் என்று கம்பெனிகள் சொல்லும். 300 வெள்ளிக்கு 15 பெட்டி கொடுத்தும் லாபம் பார்க்கும் கம்பெனி, பெட்டி 20 வெள்ளி என்று நேராக எழுதி விற்பதில் என்ன நட்டம்? அந்தத் தள்ளுபடி விலையாக வந்தால் எல்லாருக்கும் தெரியும். பெட்டியாக வந்தால் இருவருக்கு மட்டும் தெரியும். சிறு கிளினிக்குகள் கூட்டாக வாங்கினால் இன்னும் குறையும். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தின் பெயரில் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாநிலம் முழுக்க அரசு மருத்துவமனைகளுக்குக் கொடுத்துக் காட்டியது. அங்கே பிராண்டைப் புகழ ரெப்புக்கு இடமே இல்லை. மலேசிய மருத்துவச் சங்கம் நினைத்தால் தன் உறுப்பினர்களுக்காக அப்படியொரு கூட்டு வாங்கலைத் தொடங்க முடியும்.

ஆலோசனைக் கட்டணம் உயர வேண்டும். நோயாளியைத் தொட்டுப் பார்த்து, கேட்டு, மருந்தே வேண்டாம் என்று சொல்லி அனுப்பும் டாக்டருக்கும் கிளினிக் நடத்தும் அளவுக்கு வருமானம் வேண்டும்; அதைக் கொடுக்க நாம் தயாராக இருக்க வேண்டும். பேனல் தொகையை உயர்த்த மறுக்கும் தோட்ட முதலாளிகளும் இதில் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான். ஆனால் கட்டணம் எவ்வளவு உயர்ந்தாலும், போனஸ் பெட்டியும் கூடவே நின்றால் நோயாளி இரண்டு பக்கமும் பணம் கட்டுவார். மூன்று மாற்றங்கள் ஒரே சட்டத் திருத்தத்தில் வர வேண்டும்: ஆலோசனைக்கு நியாயமான கூலி, இனாம் பெட்டிக்குத் தடை, கம்பெனி டாக்டருக்குக் கொடுக்கும் எல்லாவற்றுக்கும் பொதுப் பதிவேடு. இதைச் சுகாதார அமைச்சிடம் கேட்க வேண்டியவர்கள் முதலில் டாக்டர்களே. கிளினிக் கவுண்டரில் நிற்கும் நாமும் ஒன்று செய்யலாம். அந்தச் சின்ன பிளாஸ்டிக் பையில் மருந்தின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், எழுதித் தரச் சொல்லுங்கள், பில்லில் மருந்துக்கு எவ்வளவு என்று தனியாகப் போடச் சொல்லுங்கள். தமிழில் கேட்கத் தெரிந்த ஒருவர், பக்கத்தில் எம்.சி.க்காகக் காத்திருக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளிக்கும் சேர்த்துக் கேட்கட்டும்.